படர்க்கையில் ஒரு மாமியார்

“அவளுக்கு வாய் இருக்கு, வயிறு இருக்கு, வேண்டியதைக் கேக்க மட்டும் தெரியாது. சுத்த மரமண்டை! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துடும்?”

அடுப்பில் கொதிக்கும் டீயைப் பார்த்து டோக்கன் அம்மா இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பின்னால் ஷூவைக் கையில் பிடித்தபடி மகன் நின்றுகொண்டிருந்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வழக்கமாக இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவான். அன்றைக்கு ஏதோ ஒரு கட்டடத்தில் மக்கர் பண்ணிக்கொண்டிருந்த லிஃப்ட், அவன் போய் நின்று முறைத்த உடனே ஓட ஆரம்பித்துவிட்டதாம். சீக்கிரம் வந்துவிட்டான். வினை எப்படியெல்லாம் வருகிறது பாருங்கள்.

“யாரைம்மா சொல்றே?”

டோக்கன் அம்மா திரும்பினார். டீ பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது.

“யாரையும் சொல்லலையே.”

“‘அவ’ன்னு சொன்னியே.”

ஒரு வீட்டில் மாமியார் ‘அவ’ என்று சொன்னால் அது யார் என்று தெரிந்துகொள்ள எந்த மகனும் அகராதியைப் புரட்டுவதில்லை. இவனும் புரட்டவில்லை. கண்ணாலேயே அடுத்த அறையைக் காட்டினான். அங்கே மருமகள் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“அவ காதுல விழுந்தா என்ன ஆகும்?” என்றான் ரகசியக் குரலில்.

“அவ காதுல எப்படிடா விழும்? அதான் பூட்டு போட்ட மாதிரி மெஷினை மாட்டியிருக்காளே!”

சொன்ன பிறகுதான், இது தன் கட்சிக்குச் சாதகமான வாதம் இல்லை என்பது டோக்கன் அம்மாவுக்கு உறைத்தது.

உண்மையில் அவர் திட்டிக்கொண்டிருந்தது மருமகளை அல்ல. தன்னைத்தான். ஆனால் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் ஒரு பெண்மணி சமையலறையில் நின்றுகொண்டு தன்னையே ‘அவ’ என்று திட்டிக்கொண்டிருந்தேன் என்று ஒப்புக்கொண்டால், பிள்ளை நேரே டாக்டரிடம் கூட்டிப்போய்விடுவான். அதில் ஒரு சிக்கல். இந்தப் பழக்கத்தைக் கற்றுக் கொடுத்ததே ஒரு டாக்டர்தான்.

அவர் பல் டாக்டர். டோக்கன் அம்மா வேலை பார்ப்பது அவருடைய க்ளினிக்கில்தான். வாசல் மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது, முறை வந்ததும் குரல் கொடுப்பது, முறை வராமலே உள்ளே நுழைகிறவர்களை ஒரு பார்வையில் உட்கார வைப்பது. அடுத்தவர்களுக்காகக் குரல் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தனக்கென்று வரும்போது மட்டும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அந்தப் பல் டாக்டருக்கு ஒரு பழக்கம். ஊசி போட்டு வாய் மரத்துப்போகும் வரை ஆளைச் சும்மா உட்கார வைக்க அவருக்கு மனசு வராது. மூளையைப் பற்றியும் மனசைப் பற்றியும் புதிதாக என்ன ஆராய்ச்சி வந்தாலும் படித்துவிட்டு வந்து, பதில் பேச முடியாத நிலையில் இருப்பவர்களிடம் விளக்கமாகச் சொல்வார்.

“கெட்ட வார்த்தை சொன்னா வலியைத் தாங்குற சக்தி கூடுதாம். ஐஸ் தண்ணியில கையை வெக்கச் சொல்லிச் சோதிச்சுப் பாத்திருக்காங்க. கூச்சப்படாதீங்க சார், சொல்லுங்க” என்று ஒரு நாள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை ஊக்கப்படுத்தினார். அவர் முதலில் தயங்கினார். அப்புறம் சூடு பிடித்துக்கொண்டது. வெளியே காத்திருந்த தாய்மார்கள் குழந்தைகளின் காதைப் பொத்திக்கொண்டார்கள். வேர் சிகிச்சை முடிந்து எழுந்த பிறகும் தலைமையாசிரியரிடம் கொஞ்சம் பாக்கி இருந்தது. அதைப் படிக்கட்டில் இறங்கும்போது சொல்லி முடித்தார்.

இன்னொரு நாள், “மனசுக்குப் பிடிச்சவங்க கையைப் பிடிச்சுக்கிட்டா வலி குறையுதாம்” என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் இருந்தவரிடம், “அப்படி யாராவது இருந்தா கூப்பிட்டுக்குங்களேன்” என்றார். அந்த மனிதரின் மனைவி பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அவருக்குப் பல்வலி ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லையாம்.

இப்படிப்பட்டவர்தான் டோக்கன் அம்மாவுக்கும் ஒரு வழி சொன்னார். அதற்குக் காரணம், ஒரே நம்பரை அந்த அம்மா இரண்டு பேருக்குக் கொடுத்து, வீங்கிய கன்னத்தோடு இருவர் கைகலக்கும் அளவுக்குப் போனதுதான்.

“என்னம்மா, மனசுல ஏதாவது கவலையா?”

“எனக்கென்ன டாக்டர் கவலை? ஒண்ணுமில்ல.”

“சரி, சொல்ல வேணாம். ஆனா ஒண்ணு. ‘எனக்குக் கவலை, எனக்குப் பயம்’னு நினைச்சா மூளை பதறுதாம். அதையே மூணாவது ஆளைப் பத்திச் சொல்ற மாதிரி ‘அவளுக்குக் கவலை, அவளுக்குப் பயம்’னு சொல்லிப் பாருங்க. யாரோ ஒருத்தர் கஷ்டம்னு நினைச்சு, மூளை நிதானமா யோசிக்குமாம். மூளைக்குள்ள படம் பிடிச்சே பாத்திருக்காங்க. மனசுக்குள்ளயே சொல்லிக்குங்க.”

கடைசி வாக்கியத்தை டோக்கன் அம்மா காதில் வாங்கவில்லை. இத்தனை வருஷமாகக் கூட்டத்துக்கு மேல் குரல் கொடுத்துப் பழகியவருக்கு, மனசுக்குள் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாது.

கவலை என்ன என்று கேட்கிறீர்களா? மகனுக்கு வேறு ஊரில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்திருந்தது. கூடிய சீக்கிரம் குடித்தனத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சாப்பாட்டு மேஜையில் அவன் அதைச் சொன்னபோது, மருமகளும் அவனும் சேர்ந்து டோக்கன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

“எனக்கென்னடா! நீங்க ரெண்டு பேரும் போய் நல்லா இருங்க. நான் இங்கேயே இருந்துக்குவேன். எனக்கு வேலை இருக்கு, அக்கம்பக்கம் இருக்கு” என்றார் அவர்.

இது உபசாரத்துக்குச் சொல்வது. ‘அதெப்படி, நீ இல்லாமலா?’ என்று பிள்ளை சொல்ல வேண்டும். ‘வேணாம்டா’ என்று மறுபடி மறுக்க வேண்டும். ‘நீங்க வந்தாத்தான் நாங்களும் போவோம்’ என்று மருமகள் ஒரே பிடியாக நிற்க வேண்டும். கடைசியில், ‘இவ்வளவு சொல்றீங்க, வராம இருந்தா நல்லாவா இருக்கும்?’ என்று பெட்டியைக் கட்ட வேண்டும். அதுதான் முறை. ஆனால் லிஃப்ட் மெக்கானிக், எந்தப் பட்டனை அழுத்துகிறோமோ அந்த மாடிக்குத்தான் போக வேண்டும் என்று நம்புகிறவன்.

“சரிம்மா” என்றான்.

மருமகள், “ம்” என்றாள்.

அந்த ‘ம்’தான் டோக்கன் அம்மாவின் நெஞ்சில் முள்ளாக நின்றது. மருமகளுக்கு வாஷிங் மெஷின் கம்பெனிக்காக வீட்டிலிருந்தபடியே புகார் கேட்கிற வேலை. ‘வணக்கம் மேடம், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்? புரியுது மேடம், கவலைப்படாதீங்க மேடம்’ என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் தேனாக ஒழுகுவாள். ஹெட்செட்டைக் கழற்றியதும் அந்தத் தேனும் கழன்றுவிடும். வீட்டுக்கு ‘ம்’, ‘சரி அத்தை’, ‘ஆச்சு அத்தை’ மட்டும்தான்.

நியாயத்தைச் சொல்ல வேண்டுமென்றால், கல்யாணமான புதிதில் அவளும் கேட்டுப் பார்த்தாள். “உங்களுக்கு ஏதாவது வாங்கணுமா அத்தை?” “எனக்கென்ன, ஒண்ணும் வேணாம்.” “மதியத்துக்கு ஏதாவது கட்டிக் கொடுக்கட்டா அத்தை?” “எனக்கெதுக்கு? வேணாம்.” “கால் வலிக்குதா?” “இல்லையே.” ஒருத்தி எத்தனை நாள்தான் மூடின கதவைத் தட்டுவாள்?

ஆக, மாதக்கணக்காக இல்லாவிட்டாலும் வாரக்கணக்காக, சாயங்காலம் க்ளினிக்கிலிருந்து வந்ததும் டோக்கன் அம்மா டீ போட்டுக்கொண்டே ‘அவ’ளைப் பற்றிப் பேசி வந்தார். மகன் வர நேரமாகும். மருமகள் அடுத்த அறையில் ட்யூட்டியில் இருப்பாள். சாயங்காலத்தில் புகார்கள் குறைவு போலும். பெரும்பாலும் ‘ம்… ம்…’ என்று கேட்டுக்கொள்கிற சத்தம் மட்டும் வரும். சொன்னால் நம்ப மாட்டீர்கள், டாக்டர் சொன்ன மருந்து வேலை செய்தது. பேசி முடித்தால் நெஞ்சு லேசாகிவிடும்.

இன்றைக்கு மாட்டிக்கொண்டார்.

“சொல்லும்மா, யாரை அப்படித் திட்டினே?”

“அது… க்ளினிக்ல புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்காடா.”

“பேரென்ன?”

“பேரா? எல்லாரும் பாப்பான்னு கூப்பிடறோம்.”

மகனின் முகம் தெளிந்தது. டோக்கன் அம்மாவுக்கும் மூச்சு வந்தது. பொய் சின்னதுதான், கறிவேப்பிலை மாதிரி, வேலை முடிந்ததும் ஒதுக்கி வைத்துவிடலாம் என்று நினைத்தார்.

ராத்திரிச் சாப்பாட்டில் மகன் தன் பங்குக்குக் காரியத்தைக் கெடுத்தான். மனைவியிடம், “இந்தா, அம்மா ‘மரமண்டை’ன்னு திட்டினது உன்னை இல்ல. அது க்ளினிக்ல பாப்பான்னு ஒரு பொண்ணாம்” என்றான். யாரும் கேட்காமலே சாட்சி சொல்லுகிற ஜாதி அவன்.

மருமகள் நிமிர்ந்தாள். மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள். தட்டைத் தள்ளி வைத்தாள்.

‘தொலைந்தது’ என்று நினைத்தார் டோக்கன் அம்மா.

“பாப்பா என்ன தப்பு பண்ணினா அத்தை?”

“தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. வேண்டியதைக் கேக்க மாட்டா.”

“மதியம் என்ன சாப்பிடுவா?”

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. வாய் தன் பாட்டுக்கு உண்மையைச் சொன்னது. “ரெண்டு ரொட்டி, ஒரு டீ. ஒருத்திக்காக எதுக்கு மெனக்கெடணும்னு விட்டுடுவா. வயசான காலத்துல உடம்பு என்னத்துக்கு ஆகும்?”

“வயசான காலமா? பாப்பாவுக்கு என்ன வயசு?” என்றான் மகன்.

“நாளைக்கு ஆகாதா? அப்போ சொல்றேன்.”

மறுநாள் காலையில் மேஜைமேல் ஒரு டிஃபன் பாக்ஸ் இருந்தது. சுடச்சுட.

“இது பாப்பாவுக்கு அத்தை. நீங்கதான் உங்களுக்கு வேணாம்பீங்க.”

என்ன செய்வது? வாங்கிக்கொண்டு போனார். மதியம் கருவி கழுவுகிற சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திறந்தார். உருளைக்கிழங்கு, முட்டை, குழையாத சோறு. உப்பும் காரமும் அவர் நாக்கைக் கேட்டுப் போட்ட மாதிரி இருந்தன. நாலு வாய் சாப்பிட்டதும் கண் கலங்கியது. ‘எவளோ ஒருத்திக்கு இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்யறியே, கூடவே இருக்கறவ உன் கண்ணுக்குத் தெரியலையாடி?’ என்று நினைத்தபடி மிச்சத்தையும் சாப்பிட்டார். கோபம் வேறு, பசி வேறு.

டாக்டர் எட்டிப் பார்த்தார். “அழறீங்களாம்மா?”

“நான் இல்ல டாக்டர். அவ அழறா.”

“அருமை! அப்படித்தான். விடாம செய்யுங்க” என்று சந்தோஷமாகப் போய்விட்டார்.

சாயங்காலம் மருமகள் வாசலிலேயே கேட்டாள். “சாப்பிட்டாளா?”

“ம்.” இப்போது ‘ம்’ போடுவது மாமியாரின் முறை.

“என்ன சொன்னா அத்தை?”

“வழிச்சுத் தின்னுட்டா. ரொம்ப நாள் கழிச்சு வாய்க்கு ருசியாச் சாப்பிட்டேன்னு சொன்னா.”

மருமகள் சிரித்தாள். பல் க்ளினிக்கில் எத்தனையோ வாயைப் பார்த்திருக்கிறார் டோக்கன் அம்மா. மருமகளின் கடைவாய்ப் பல்வரை தெரிகிற சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தார். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பு பாப்பாவுக்கானது அல்லவா!

அன்றிலிருந்து தினமும் பாக்ஸ். பாக்ஸோடு கேள்விகள். பாப்பாவுக்கு எந்தக் கலர் பிடிக்கும்? தூங்கும்போது விளக்கு எரியணுமா, வேணாமா? தனியா இருந்தா பயப்படுவாளா? டோக்கன் அம்மா தெரியாத்தனமாக ஒரு நாள், “நாள்பூரா உக்காந்து அவளுக்கு முதுகு விட்டுப் போகுது” என்று சொல்லிவைக்க, மறுநாளே ஒரு முதுகுத் திண்டு வந்தது. நீல நிறம். பாப்பாவுக்குப் பிடித்த நிறம். அதாவது, டோக்கன் அம்மாவுக்குப் பிடித்த நிறம். அதில் சாய்ந்து உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும்போது முதுகு குளிர்ந்தது, வயிறு எரிந்தது.

ஊரில் மாமியார் மருமகள்மேல் பொறாமைப்பட்டுப் பார்த்திருக்கிறோம். மருமகள் நாத்தனார்மேல் பொறாமைப்பட்டுப் பார்த்திருக்கிறோம். தன்மேல் தானே பொறாமைப்பட்டு, தனக்குத் தானே சக்களத்தியாகி நின்ற மனுஷி இந்தத் தெருவில் இவர் ஒருவர்தான்.

பாப்பாவின் கொட்டத்தை அடக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

“நீ நினைக்கிற மாதிரி அவ ஒண்ணும் தங்கம் இல்ல” என்று ஒரு நாள் ஆரம்பித்தார். “சிடுமூஞ்சி. எதைச் செஞ்சாலும் குத்தம் கண்டுபிடிப்பா. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா நாலு நாளைக்கு இறக்க மாட்டா.”

“அப்படியாம்மா?” என்றான் மகன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். “அப்படிப்பட்டவளுக்கு எதுக்கு நாம சோறு கட்டணும்?”

டோக்கன் அம்மாவுக்குச் சுருக்கென்றது. “ஏன்டா, சிடுமூஞ்சின்னா பசிக்காதா?”

மருமகள், “உள்ளுக்குள்ள ஏதாவது பயம் இருந்தா அப்படித்தான் சிடுசிடுன்னு இருப்பாங்க அத்தை” என்றாள். “எனக்கு அவளை ரொம்பப் பிடிச்சிருக்கு.”

“பாக்காமலேயேவா?” என்றான் மகன்.

“பாத்தாத்தானா? கேட்டா போதாதா?”

போச்சு. இனி ஒரே வழிதான். பாப்பாவை ஊரைவிட்டே அனுப்பிவிட வேண்டும். மறுநாள் சாப்பாட்டு மேஜையில் டோக்கன் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நாளையிலேர்ந்து பாக்ஸ் வேணாம்மா. பாப்பா வேலையை விடப்போறா.”

மருமகளின் கை அப்படியே நின்றது. “ஏன் அத்தை?”

ஏன் என்பதை டோக்கன் அம்மா யோசித்து வைத்திருக்கவில்லை. யோசிக்காத இடத்தில் நாக்கு எப்போதும் உண்மையைத்தான் இழுத்து வரும்.

“அவளுக்குன்னு இருந்ததே ஒரு வீடு. கூட இருந்தவங்க வேற ஊருக்குப் போறாங்களாம். இவ மட்டும் தனியா நிக்கப்போறா. அந்த யோசனையில வேலையே ஓடல அவளுக்கு.”

மகன் டிவியை அணைத்தான். உண்மையிலேயே அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்னம்மா மனுஷங்க அவங்க? கூட இருந்த பொண்ணு ஒருத்தி, அவளைத் தனியா விட்டுட்டு மூட்டையைக் கட்டுறாங்களே, மனசாட்சி வேணாம்? இப்படியும் இருக்காங்களே ஊர்ல!”

“திட்டாதேடா” என்றார் டோக்கன் அம்மா அவசரமாக. “ரொம்ப நல்லவங்கடா அவங்க. இவதான் ‘நான் வரலை’ன்னு வீம்புக்குச் சொல்லிட்டா.”

“சொன்னா? வீம்புக்குச் சொல்றான்னு கூடவா தெரியாது? மண்ணாங்கட்டிங்களா?”

டோக்கன் அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, டோக்கன் அம்மாவின் தலையில் இடியை இறக்கினாள்.

“அத்தை, போற ஊர்ல மூணு ரூம் வீடு ஒண்ணு இருக்கு. மூணாவது ரூம்ல காலையில நல்லா வெயில் வருமாம். பாப்பாவை நம்மகூடவே கூட்டிட்டுப் போயிடலாமா?”

“யாரோ ஒருத்தியையா?”

“யாரோ இல்லையே அத்தை. இவ்வளவு சொல்லியிருக்கீங்க.”

“நல்ல யோசனை!” என்றான் மகன். “அம்மாதான் இங்கேயே இருக்கேன்னுட்டாங்க. ரூம் சும்மாதானே கிடக்கும்?”

பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிறக்காத பாப்பாவுக்கு வெயில் வருகிற அறை, பெற்றவளுக்கு ‘சரிம்மா’.

“வீட்டுக்காரருக்கு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்” என்றாள் மருமகள். “அவ வாயாலேயே கேட்டுட்டு வாங்க அத்தை. முதல்ல வேணாம்னுதான் சொல்லுவா. ஒத்துக்காதீங்க. மறுபடி கேளுங்க.”

மறுநாள் க்ளினிக்கில் டோக்கன் அம்மா யாருக்கும் ஒழுங்காகக் குரல் கொடுக்கவில்லை. கூட்டம் குறைந்ததும் டாக்டர் எதிரில் போய் நின்றார்.

“டாக்டர், கஷ்டத்தை ‘அவ’ளுதுன்னு சொன்னா பாரம் அவளுக்குப் போயிடும்னீங்க. சரி, போச்சு. ஆனா வர்ற சுகமும் அவளுக்கே போகுதே. நான் என்ன பண்றது?”

டாக்டர் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். மேலே பார்த்தார்.

“அதைப் பத்தி ஆராய்ச்சி இன்னும் வரலம்மா” என்றார்.

சாயங்காலம் வீடு வந்தார். மருமகள் அறையில் ஹெட்செட்டோடு இருந்தாள். சமையலறைக்குப் போய் டீ வைத்தார். ‘பாப்பா வரமாட்டாளாம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். பாப்பாவும் தொலைவாள், ரெண்டு ரூம் வீட்டை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், இவர் இங்கே கதவைப் பூட்டித் திறந்துகொண்டு காலத்தை ஓட்டலாம். சொல்வதற்கு முன்னால், கடைசியாக ஒரு முறை, மருந்தைக் குடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

“அவளுக்குப் போகணும்னு ஆசைதான்” என்றார் டீயைப் பார்த்து.

அடுத்த அறையிலிருந்து, “ம்” என்று சத்தம் வந்தது. பாவம், எந்த ஊரில் எந்த மெஷின் நின்றுபோனதோ.

“காலையில வெயில் வர்ற ரூமுன்னா அவளுக்கு உயிரு. ஆனா அதுக்காக இல்ல. தனியா இருக்க அவளுக்குப் பயம். யார்கிட்டயும் சொன்னதில்ல. அவன் கதவைத் திறக்கிற சத்தம் கேக்காம அவளுக்குத் தூக்கம் வராது. அந்தப் பொண்ணு நாளுக்கு நாலு வார்த்தைதான் பேசுது. அந்த நாலு வார்த்தைக்காகத்தான் அவ சாயங்காலம் அவ்வளவு வேகமா நடந்து வர்றா.”

“ம்.”

“வேணாம் வேணாம்னு சொல்லிச் சொல்லியே எல்லாத்தையும் வேணாமாக்கிக்கிட்டா. இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டா, இந்தத் தடவை மறுக்க மாட்டா. ஆனா யாரு கேப்பா? அந்தப் பாப்பாவைக் கேக்கச் சொல்றாங்க. அவளை யாரும்… என்னை யாரும் கேக்கலையே.”

‘என்னை’ என்று வந்துவிட்டதை அவரே கவனித்துத் திடுக்கிட்டார். அடுத்த அறையிலிருந்து இந்த முறை ‘ம்’ வரவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

டோக்கன் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். மருமகள் ஹெட்செட்டோடு உட்கார்ந்து, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாஷிங் மெஷினுக்காகவா ஒருத்தி இப்படி அழுவாள்? அழைத்தவர் வீட்டில் என்ன துக்கமோ! தன் கவலை மறந்துபோய், ஒரு டம்ளர் டீயை ஆற்றி எடுத்துக்கொண்டு அவர் கூடத்துக்கு வந்தபோது வாசல் மணி அடித்தது.

வெளியே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மருமகளின் ஆபீஸில் கூட வேலை பார்ப்பவளாம். ஊர் மாறப்போவதால் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திரும்ப எடுத்துப்போக வந்திருக்கிறாள்.

டோக்கன் அம்மா உதட்டில் விரலை வைத்தார்.

“மெதுவாம்மா, மெதுவா. உக்காரு. அவ ட்யூட்டியில இருக்கா. யாரோ ரொம்பக் கஷ்டத்துல இருக்கறவங்க போல, இவ்வளவு நேரமா பேசிக்கிட்டே இருக்காங்க, இவ பொறுமையா ‘ம்’ கொட்டிக் கேட்டுக்கிட்டே இருக்கா. அவங்க பேசி முடிக்கட்டும்.”

வந்தவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். டோக்கன் அம்மாவைப் பார்த்தாள்.

“ட்யூட்டியா? அவங்க ட்யூட்டி மத்தியானத்தோட முடிஞ்சிடுமே அம்மா! ‘எங்க அத்தைகிட்ட நேர்ல கேட்டா ஒண்ணும் வேணாம்பாங்க, சாயங்காலம் டீ போடும்போது மட்டும்தான் தன்னைப் பத்தி வாய் திறந்து பேசுவாங்க, அதை நான் உக்காந்து கேக்கணும்’னு சொல்லி, ஒரு மாசத்துக்கு முன்னாடியே ஷிஃப்ட்டை மாத்தி வாங்கிட்டாங்களே!”